412-இன் சிவப்பு விளக்கு

டுலூத் நகரில், ஏரி பார்த்த ஓட்டலில்,
நாலாம் மாடிக் கோடி அறையில்
தொலைபேசியின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு
ஒன்பது வருஷமாய்க் கண் சிமிட்டுகிறது.
உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.
யாருக்கு என்றுதான் யாருக்கும் தெரியாது.

தூங்க விடவில்லை என்று கீழே போய்ச் சண்டை போட்டவர்கள் உண்டு.
காலுறையை மாட்டி மூடியவர்கள்,
பைபிளைச் சாய்த்து வைத்தவர்கள்.
அறை துடைக்கும் ஹோதான் கறுப்பு டேப் ஒட்டினாள்.
டேப்பின் ஓரத்தில் கசிந்தது.

என்னைக் கூப்பிட்டது விளக்குக்காக அல்ல.
நூற்றுப் பதினெட்டு அறையிலும் போனைக் கழற்றிவிட்டு
கண்ணாடிப் பலகை ஒன்றைச் சுவரில் பதிக்க.
அதனிடம் வாயால் சொன்னால் போதுமாம்:
துண்டு வரும், தலையணை வரும், திரை தானே விலகும்.
என் பெயர் வில்மா கங்காஸ்.
கம்பி வேலை. மணிக்கணக்கில் கூலி.

சுவரைத் திறந்தேன்.
ஆக அடியில் துணி சுற்றிய தாமிரம், எலிப்பல் பட்டது.
எண் சுழற்ற வட்டுகூட இல்லாத காலத்துக் கம்பி;
எடுத்த உடனே கீழே ஒருத்தி "சொல்லுங்கள்" என்பாள்.
யார் யாரோடு, எந்த ஊர், எத்தனை நிமிஷம், அழுதார்களா,
எல்லாம் அவள் காதுக்குள்.
அதன்மேல் வட்டு போனின் சாம்பல் வயர்.
அதன்மேல் பொத்தான் போனுக்கு
சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள்.
அங்கிருந்து குளியலறைக்கு ஒரு கிளை:
கழிப்பறைப் பீடத்துக்குப் பக்கத்தில் போன் இருந்தால்
நட்சத்திரம் ஒன்று கூடும் என்று
அன்றைய முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
அப்புறம் மோடத்துக்கு ஒரு துளை,
இரவெல்லாம் பூனைச் சண்டை கேட்ட துளை.
எல்லாவற்றுக்கும் மேலே தடித்த நீலக் கேபிள்.
பழையதை எவனும் உருவவில்லை.
பூசிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

நிலவறையில் பில் கட்டுகள்.
சிகாகோவுக்கு மூன்று நிமிஷம், ஒரு மீன் சாப்பாட்டு விலை.
அதனால்தான் பனிக்கோட்டும் செருப்புமாய் ஆட்கள்
லாபியின் காசு போன் முன் வரிசை நின்றார்கள்,
மேலே கட்டிலோரம் தங்கள் போனைத் தூங்கவிட்டு.
பிறகு எல்லார் பையிலும் ஒன்று வந்தது.
பில் கட்டு அத்தோடு மெலிந்து
ஒரு வருஷம் நாலு தாள். அடுத்த வருஷம் அதுவும் இல்லை.

வெளியே பேச முதலில் ஒன்பது, என்று
ஒவ்வொரு போனிலும் ஒட்டியிருந்தது.
நெஞ்சு வலிக்கும்போது
எவனுக்கு ஞாபகம் வரும் அந்த ஒன்பது?
சட்டம் அதை எடுத்துவிட்டது.
பழையதில் எனக்கு அழத் தோன்றாத இடம் அது.

பழைய செய்திப் பெட்டி நிலவறையிலேயே இருந்தது,
எக்ஸ்சேஞ்ச் மாற்றியபோது துண்டிக்க மறந்தது.
மேலே சிமிட்டச் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்.
என் சோதனைப் போனைச் செருகினேன்.
ஹோதான் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

முதலில் கப்பல் ஊதும் சத்தம்.
பின் மூச்சு.
பின் ஒரு பெண்: "412தானே?"
கொஞ்ச நேரம்.
"சரி. வேண்டாம்."

வைத்திருக்க ஒன்று, அழிக்க ஏழு, என்றது இயந்திரம்.
நான் எதையும் அழுத்துவதற்குள்
கேட்டாயிற்று என்று அதுவே கணக்கெழுதிக்கொண்டது.

நாலாம் மாடிக்கு ஏறிப் பார்த்தோம்.
டேப்புக்கு அடியில் இருட்டு.
"இரவுப் பணியில் அந்த வெளிச்சத்தில்தான்
கட்டில் முனை எங்கே என்று தெரியும் எனக்கு,"
என்றாள் ஹோதான், முழங்காலைத் தடவிக்கொண்டு.

பலகையைப் பதித்தேன்.
"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றது.
இருவரும் பேசாமல் நின்றோம்.
"எனக்குக் கேட்கவில்லை," என்றது.
மறுபடி
கேட்டது.